மலாங்கின் இரத்தத்தில் இரண்டாவது கோடு

யாந்தே ஜூஃபுக்கு எதையும் திறந்து பார்க்காமல் விட மனசு வராது. சின்ன வயசில், ஆறு கடலில் விழுகிற நியூமிக் கரையில், அம்மாவோடு மீன் அறுக்க உட்காருவாள். மற்றப் பிள்ளைகள் குடலை உருவி எறிந்துவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடும். இவள் மட்டும் குடலையும் பித்தப்பையையும் ஈரலையும் பலகையில் தனித்தனியாகப் பரப்பி வைத்து, இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"அதெல்லாம் மீனுக்குத் தெரிஞ்சாப் போதும். நீ அறு," என்பாள் அம்மா.

அந்தப் பதில் யாந்தேக்கு அன்றைக்கும் போதவில்லை, இன்றைக்கும் போதாது.

வாலி என்ற மீன்காரனைக் கட்டிக்கொண்டு அவள் தெற்கே ஃபோனிப் பக்கம் வந்தாள். பிந்தாங் ஓடையோரம் சிந்தாக் என்ற ஊர். ஊர் முழுக்க ஜோலா இனத்தார், நெல் விளைவிக்கிறவர்கள். கம்பு விதைக்கிற செரேர் இனத்தில் இவர்களுடைய ஒரே வீடுதான். வேறு யாராவது அப்படித் தனியாக வந்து குடியேறியிருந்தால் பயந்திருப்பார்கள். செரேர்க்காரிக்கு ஜோலா ஊரில் என்ன பயம்? ஆதியில் அக்காவும் தங்கச்சியும் ஒரே படகில் போனார்களாம், படகு நடுவில் பிளந்துவிட்டதாம். வடக்கே ஒதுங்கியவள் வயிற்றில் செரேர் பிறந்தார்கள், தெற்கே ஒதுங்கியவள் வயிற்றில் ஜோலா பிறந்தார்கள். அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் கேலி உறவு. ஒருவரை ஒருவர் அடிமை என்று கூப்பிடலாம், திருடன் என்று திட்டலாம், தட்டிலிருந்து மீனைப் பிடுங்கித் தின்னலாம். கோபப்படுகிறவன்தான் தோற்றவன்.

யாந்தே மூட்டை இறக்கிய முதல் நாளே பக்கத்து வளவிலிருந்து ஒருவன் வந்து வாசலில் நின்றான். தோள் இரண்டும் கதவை அடைத்துக்கொண்டு நின்றன. நீளக் காம்பு வைத்த கஜாந்து மண்வெட்டி கையில்.

"வந்துட்டியா, கம்பங்கூழ் குடிச்சவளே? எங்க தாத்தா உன்ன வாங்கிப் போட்டு எத்தனை வருஷமாச்சு! இப்பத்தான் வேலைக்கு வர்ற?"

"உன் தாத்தாவே எங்க தாத்தா வீட்டுல பானை கழுவினவருதானேடா, சோத்துப்பானை! உள்ள வா, கழுவ வேண்டியது நிறைய இருக்கு."

அவன்தான் மலாங் பாஜி. அன்றிலிருந்து இருபது மழைக்காலம் இரண்டு பேரும் ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. அவன் வயலில் முதல் நெல் அடித்தால் முதல் கூடை இவள் வீட்டுக்கு வரும், கூடவே ஒரு வசவும் வரும். இவள் மீன் புகைத்தால் அவனுடைய மனைவி ஜைனபாவுக்குத் தனியாக ஒரு கோர்வை போகும், அதற்கும் ஒரு வசவு.

யாந்தே ஊசி பிடிக்கப் போன கதை சின்னக் கதைதான். பெரிய ரோட்டு ஓரம் இருக்கிற சுகாதார நிலையத்தில், ஈரல் நோய் பார்க்கிற வேலைக்கு ஊருக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, பரிசோதனைப் பட்டையில் விட்டுப் பார்க்க வேண்டும். இரத்தத்தைக் கண்டு மயங்காதவளாக இருக்க வேண்டும். மீன் அறுத்தவளுக்கு என்ன மயக்கம்? போனாள். அங்கே இருந்த நர்ஸ் ஓமர் சீசே பொறுமைசாலி. நல்லவேளை, பொறுமைசாலியாக இருந்தார்.

"சார், குத்துறது விரல்ல. நோய் இருக்கிறது ஈரல்ல. விரலுக்கு எப்படித் தெரியும்?"

"இரத்தம் எல்லா இடத்துக்கும் போய் வருதில்ல, யாந்தே? ஈரல் வழியாவும் போகுது. போற இடத்துல இருக்கிறதெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு வரும்."

"என்ன ஒட்டிக்கிட்டு வரும்?"

ஓமர் அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஈரல் வீக்கக் கிருமி ஒன்று இருக்கிறது, ஹெபடைட்டிஸ் பி என்று பேர். நிறையப் பேர் அம்மாவிடமிருந்தோ சின்ன வயசில் கூட விளையாடினவர்களிடமிருந்தோ அதை வாங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் வாழ்கிறார்கள். இப்போதெல்லாம் பிறந்ததுமே பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் அந்தக் காலத்தில் அது கிடைக்கவில்லை. பூசணம் பிடித்த வேர்க்கடலையும் சேர்ந்துகொண்டால் ஈரல் இன்னும் கெடும். கிருமி இருக்கிறவர்களில் சிலருக்கு ஒரு நாள் ஈரலில் புற்று வைக்கும். வலித்து, வயிறு வீங்கி வருகிறபோது ஒன்றும் செய்ய முடியாது. வலிக்கிறதுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். அதற்குத்தான், கிருமியைக் காட்டுகிற முதல் பட்டையோடு இந்த இரண்டாவது பட்டை.

"அந்தப் பட்டை எதப் பிடிக்குது?"

"புள்ள வயித்துல இருக்கும்போது அதோட ஈரல் ஒரு சத்து செய்யும். புள்ள பொறந்து கொஞ்ச நாள்ல அது நின்னுரும். பெரியவங்க ஈரல் அதச் செய்யாது. புற்று வந்த ஈரல் இருக்கே, அது பல பேருக்குப் பழையபடி அந்தச் சத்தையே செய்ய ஆரம்பிச்சிரும்."

யாந்தே அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள். நரைத்த மனுஷனுடைய ஈரல், தான் இன்னும் வயிற்றுக்குள் மிதக்கிற பிள்ளை என்று நினைத்துக்கொள்ளுமா? யார் அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது? வாலியிடம் கேட்டாள். அவன் வலையைத் தைத்துக்கொண்டே, "உனக்குச் சோறு பொங்குற எண்ணம் இருக்கா?" என்றான்.

ஊரில் கிருமி இருக்கிறவர்கள் யார் யார் என்று முதல் வருஷமே தெரிந்துவிட்டது. மலாங்குக்கு இருந்தது. அவன் மாத்திரையைத் தின்ற நாளும் உண்டு, மறந்த நாளும் உண்டு. மழைக்கு முன்னால் ஒரு தடவை, அறுவடைக்குப் பின்னால் ஒரு தடவை அவனுக்கு அந்த இரண்டாவது பட்டையையும் பார்க்க வேண்டும். ஒரு கோடு வந்தால் நல்லது. இரண்டு கோடு வந்தால் ஓமரிடம் சொல்ல வேண்டும்.

மழை வருகிறதுக்கு முந்தின சூட்டில் ஒரு நாள் யாந்தே போய் அவன் விரலைப் பிடித்தாள். "மெதுவாக் குத்துடி, கசாப்புக்காரி!" என்று கத்தினான். சொட்டு விட்டாள், மருந்துத் தண்ணி விட்டாள், பட்டையை நிழலில் வைத்தாள். ஜைனபா, மூன்று தரம் கொதிக்கவைத்துக் குடிக்கிற அத்தாயாத் தேநீரை அடுப்பில் ஏற்றியிருந்தாள். முதல் கொதியின் கசப்புத் தேநீர் கோப்பைக்கு வருகிறதுக்குள் முதல் கோடு வந்துவிட்டது. யாந்தே கோப்பையை வாங்கினாள். குனிந்து பார்த்தாள். பக்கத்தில் இன்னொரு கோடு, மங்கலாக, மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

இன்னொரு பட்டையில் பார்த்தாள். அதிலும் அதே இரண்டு.

நோயாளியிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஓமர் சொல்லிக் கொடுத்திருந்தார். பதறாமல், இன்னும் ஒரு பரிசோதனை வேண்டும் என்று மட்டும் சொல்ல வேண்டும். யாந்தே என்ன செய்தாள்? இத்தனை நாள் மனசில் அரித்துக்கொண்டிருந்த அந்த அதிசயத்தை முதல் முதலாகக் கண்ணால் பார்த்த திகைப்பில், தனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படியே சொல்லிவிட்டாள்.

"மலாங், வயித்துப் புள்ள செய்யுற சத்து உன் இரத்தத்துல இருக்கு."

மலாங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்தான், பாயில் புரண்டு சிரித்தான். "ஜைனபா! இங்க வா! இந்தக் கூழ்க்காரி நான் மாசமா இருக்கேங்கிறா!"

ஜைனபா கரண்டியோடு ஓடிவந்தாள். "உனக்குப் புள்ளன்னா அப்ப நான் யாரு, அப்பனா? பேரு வைக்கிறதுக்கு ஆடு எங்க?"

"சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்," என்றாள் யாந்தே.

அந்த வார்த்தையைச் சொன்னதுதான் இன்னும் கேடு. இருபது வருஷமாக எல்லாப் பொய்யையும் நெசமாத்தான் சொல்றேன் என்றுதானே சொல்லியிருக்கிறாள்! போன வருஷம்கூட, மலாங்குடைய மாடு ஓடையில் விழுந்துவிட்டது என்று நெசம்போலச் சொல்லி, அவனைச் சோற்றுக் கையோடு ஓடவைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே மலாங் வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, ஊர் நடுவில் எல்லோரும் கூடிப் பேசுகிற பன்தாபா மரத்தடிக்குப் போய் அங்கே உட்கார்ந்திருந்த ஆண்களிடம் புளிப்பு மாங்காய் கேட்டான். ஊரே சிரித்தது.

யாந்தே ஓமரிடம் ஓடினாள். பட்டைகளைப் பார்த்ததும் ஓமரின் முகம் மாறியது.

"இது புற்றாத்தான் இருக்கணும்னு இல்ல. வேற காரணத்துக்கும் ஏறும். ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும். மெஷின் கடற்கரைப் பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. சீக்கிரம் போகணும். சின்னதா இருந்தா வெட்டி எடுத்துரலாம். மழை முடிஞ்சு போறேன்னு இருந்துட்டா, வெட்டுற அளவுல இருக்குமோ இருக்காதோ."

ஓமரே வண்டியில் வந்து மலாங்கிடம் பேசினார். மலாங் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில், "சார், புகைச்ச மீன் எத்தனை கோர்வை குடுத்தா உங்களுக்கு? நல்லா நடிக்கிறீங்க," என்று அவர் தோளில் தட்டினான்.

மறுநாள் யாந்தே வேறு வழி பார்த்தாள். நல்ல சேலைத்துணியைச் சுற்றிக்கொண்டு, தலைத்துணி கட்டிக்கொண்டு, கோலாக் கொட்டையை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு பன்தாபாவுக்குப் போனாள். பெரிய காரியம் பேசப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். மலாங்குக்கு முன்னால் மண்டியிட்டு, குலப்பேரை மரியாதையாகச் சொன்னாள்: "பாஜி, பாஜி. என் வார்த்தையக் கேளுங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தவர்களுக்கு மூச்சு விட முடியவில்லை. இதுவரைக்கும் அவள் ஆடினதிலேயே இதுதான் பெரிய ஆட்டம் என்று கைதட்டினார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த ஊரில் அவள் கண்ணீருக்கு ஏது மதிப்பு? மலாங்குடைய சித்தப்பா செத்த அன்றைக்குச் செரேர்க்காரி என்ற முறையில் பிணத்துக்குப் பக்கத்தில் படுத்து, எழுந்திருடா சோம்பேறி, என் வயலை யார் உழுவது என்று ஒப்பாரி வைத்து எல்லோரையும் சிரிக்கவைத்தவள் அவள்தானே!

மலாங் ஒரு கோலாக் கொட்டையை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னான்: "மழை வரட்டும், வயலை உழுதுட்டு வந்து பெத்துக்குறேன்."

கிழக்கே வானம் தினமும் கருத்துக் கருத்து வந்தது. யாந்தேக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை மீன் ஈரல் பார்த்திருக்கிறாள். நல்ல ஈரல் எப்படி வழுவழுவென்று இருக்கும், கெட்ட ஈரலில் எப்படிக் கொப்புளம் இருக்கும். அவன் வயிற்றுக்குள் இப்போது எது இருக்கிறது, எவ்வளவு பெரிசு? மீனாக இருந்தால் அறுத்துப் பார்த்திருப்பாள்.

"நீ எத்தனை தரம் நெசம்னு சொன்னாலும் அவன் நம்பப் போறதில்ல," என்றான் வாலி.

யாந்தே கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். நம்ப வேண்டாம். எதற்கு நம்ப வேண்டும்? அவன் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன, அவன் வயிறு அந்த மெஷினுக்குக் கீழே போனால் போதாதா?

"அந்தப் படகுக் கயித்த எடு," என்றாள்.

காலையில் மலாங் கஜாந்துக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தபோது யாந்தே கயிற்றோடு வளவுக்குள் நுழைந்தாள். பின்னால் வாலியும் அவன் தம்பிகள் இரண்டு பேரும் மத்தளம் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

"ஊராரே, கேளுங்க! இந்த அடிமை எங்க வீட்டுலேர்ந்து ஓடி வந்தவன்! இருபது வருஷமாத் தேடி இன்னைக்குத்தான் பிடிச்சேன்! கடற்கரைச் சந்தையில கொண்டுபோய் விக்கப் போறேன்!"

மலாங்குக்கு வாய் காதுவரைக்கும் போனது. கேலி உறவுக்காரி ஊர் முன்னால் கயிறு போட்டால் எந்த ஜோலாவால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? மறுத்தால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம், தோற்றுவிட்டான் என்று அர்த்தம். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான்.

"கட்டு! ஆனா வழியில சோறு போடணும். ரெண்டு பானை!"

"வித்துட்டு வர்றப்ப எனக்கொரு துணி வாங்கிட்டு வா," என்று ஜைனபா கத்தினாள்.

ரோடு வரைக்கும் ஊரே வந்தது. வேன்காரன் சிரித்துக்கொண்டே முன் இடம் கொடுத்தான். சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் தலையை உள்ளே விட்டார். அவரும் ஜோலா.

"என்னம்மா, எங்காளக் கட்டி எங்க கொண்டுபோற?"

"விக்கத்தான். உனக்கு வேணுமா?"

"வேணாந்தாயி, திங்கிறதப் பாத்தா நம்ம சம்பளம் பத்தாது. போ, போ."

மலாங் வழி முழுக்க மாடு மாதிரி கத்திக்கொண்டு வந்தான். யாந்தே பதிலுக்குத் திட்டிக்கொண்டே வந்தாள். கயிற்று நுனியை மட்டும் ஒரு நிமிஷமும் கையிலிருந்து விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓமர் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார். ஸ்கேன் அறையில் ஒரு இளம் டாக்டரம்மா. கயிற்றை ஒரு தரம் பார்த்தார். மலாங்கைப் படுக்கவைத்து வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவினார்.

"டாக்டரம்மா, ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்லுங்க," என்றான் மலாங்.

அவர் சிரிக்கவில்லை. கருவியை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினார், சாய்த்தார், மறுபடி அதே இடத்துக்கு வந்தார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ அசைந்தது. மலாங் டாக்டரம்மாவைப் பார்த்தான், பிறகு யாந்தேயைப் பார்த்தான். எங்கேயும் சிரிப்பு இல்லை. அவன் முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் இறங்க வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"இங்க ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஓட்டோட இருக்கிற வேர்க்கடலை அளவு. ஒண்ணே ஒண்ணுதான். மிச்ச ஈரல் இன்னும் நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு படம் எடுக்கணும். ஆனா இந்த அளவுல வந்ததால பக்கத்து நாட்டு டாக்கர் பட்டணத்துக்கு அனுப்பி வெட்டி எடுக்க முடியும்னு நினைக்கிறேன். இங்க வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க வயிறு வீங்கின பிறகுதான் வருவாங்க. உங்கள யாரு இவ்வளவு சீக்கிரம் கூட்டிட்டு வந்தது?"

மலாங் கட்டின கையால் யாந்தேயைக் காட்டினான். பிறகு, "அக்கா," என்றான்.

இருபது வருஷத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. யாந்தே அவசரமாகக் கயிற்றை அவிழ்த்தாள்.

"அக்கா, நீ முதல் நாளே சொன்னது..."

"அதேதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். யாந்தே அவன் தலைமாட்டில் நின்றாள். நின்றவளுக்குச் சும்மா நிற்க முடிந்ததா? திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். கறுப்பாக, உருண்டையாக, இத்தனூண்டு. இதுவா அந்தக் கோட்டைச் சிவக்கவைத்தது?

"டாக்டரம்மா, இது யாருக்கு வந்தாலும் பட்டை காட்டிக் குடுத்துருமா?"

"இல்லம்மா. சில புற்று அந்தச் சத்தைச் செய்யவே செய்யாது. அப்ப ஒரு கோடுதான் வரும். அதுக்குத்தான் இன்னும் நல்ல பட்டை கண்டுபிடிக்கப் பாக்குறாங்க. அதுவரைக்கும் கிருமி இருக்கிறவங்க ஸ்கேனும் பாத்துக்கணும்."

யாந்தேக்குச் சுருக்கென்றது. ஒரு கோட்டைக் காட்டி, போய்ச் சந்தோஷமா இரு என்று அவள் சொல்லி அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஊருக்குப் போனதும் ஓமரைப் பிடித்து அவர்களையும் வேனில் ஏற்றவைக்க வேண்டும். பிறகு ஏற்றினாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கயிறு தேவைப்படவில்லை. மலாங்குடைய கதை அதற்குள் அக்கம்பக்கத்து ஊரெல்லாம் போயிருந்தது.

திரும்புகிற வேனில் மலாங் ஜன்னல் வழியாகக் காய்ந்து கிடந்த நெல்வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"மழை வரப் போகுது. நான் டாக்கர்ல படுத்துக் கிடந்தா யாரு உழுவா? புள்ளைங்களுக்கு என்ன சோறு?"

"வாலியும் அவன் தம்பிங்களும் உழுவாங்க."

"கம்பு விதைக்கிறவனுங்களா?" அவன் ஜன்னலிலிருந்து திரும்பினான். "கஜாந்த எந்தப் பக்கம் பிடிக்கணும்னாவது தெரியுமா அவனுங்களுக்கு?"

"உயிரோட வந்து சொல்லிக் குடு."

மழை விழுந்த வாரத்தில் அவனும் ஜைனபாவும் டாக்கருக்குப் போனார்கள். அறுவை நடந்தது. நாற்று நட்டு முடிந்து, பயிர் முழங்கால் உயரம் வந்தபோது திரும்பி வந்தார்கள். தோள் இரண்டும் பாதியாகியிருந்தன. வயிற்றில் குறுக்கே ஒரு தழும்பு. மாத்திரையைத் தினமும் ஜைனபாவே எடுத்துக் கையில் கொடுத்து, அவன் விழுங்குகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறாள்.

ஓமர் சொன்ன நாளில் யாந்தே பட்டையோடு போனாள். வளவில் ஆள் இல்லை. வயலோரத்தில் ஒரு மரத்துண்டின்மேல் மலாங் உட்கார்ந்திருந்தான். அவள் விரலைப் பிடித்தபோது கத்தவில்லை. குத்தினாள், சொட்டு விட்டாள், பட்டையை இரண்டு பேருக்கும் நடுவில் மரத்துண்டின்மேல் வைத்தாள். முதல் கோடு வந்தது. இரண்டு பேரும் குனிந்துகொண்டு பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தையே பார்த்தார்கள். காற்றில் நெற்பயிர் சாய்ந்து நிமிர்ந்தது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. யாந்தே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள், பட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருந்த சத்து எங்கே போயிருக்கும்? செய்த இடத்தையே வெட்டிப் போட்டுவிட்டால் இரத்தம் அதை மறந்துவிடுமா?

"வரல," என்றாள்.

"வரலையா?"

"வரல. அறுவடைக்கப்புறம் ஸ்கேன். திரும்பவும் குத்துவேன். விடமாட்டேன்."

மலாங் நீளமாக ஒரு மூச்சு விட்டான். பிறகு நிமிர்ந்து வயலைப் பார்த்தான். வாலியின் தம்பிகள் போட்ட வரப்புகள் பாம்பு போனமாதிரி வளைந்து வளைந்து, ஒரு இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆனால் பயிர் பச்சையாகத்தான் இருந்தது.

"அல்லாவே," என்றான் மெதுவாக. "இதப் பாக்கவா நான் பொழச்சு வந்தேன்?"

கைகளை ஊன்றி எழுந்தான். தழும்பைப் பிடித்துக்கொண்டு, ஓடையோரம் வலை உதறிக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரையும் கூப்பிடப் போனான், போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே.